வெட்டியெடுத்த பக்கம்

பர்டிக் குடும்பத்து வேதாகமத்தில் ஒரு பக்கம் இல்லை. கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாம் எழுதி வைக்கிற பக்கம். யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, உறவுக்காரன் ஆர்லனின் கொள்ளுப்பாட்டிதான் என்று வெர்னாவின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அம்மா செத்ததும் வேதாகமம் அண்ணனுக்கு, அதாவது வெர்னாவின் வீட்டுக்கு, போய்விட்ட வயிற்றெரிச்சலாம். அதனால் மிசௌரி மலைப்பக்கத்து அந்தச் சிற்றூரில் இரண்டு வீட்டாரும் ஒரே தேவாலயத்துக்குப் போய் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

எழுபத்தொரு வயது வெர்னாவை உறுத்தியது வேறு. மே மாதக் கடைசி ஞாயிறு கல்லறை நாள். புல் வெட்டி, பூ வைத்து, குடும்பத்து மூத்தவர்களில் ஒருவர் ஒவ்வொரு கல்லாக நின்று பெயர் வாசிப்பார். ஒரு கல்லில் மட்டும் ‘ஆமோஸின் மனைவி’ என்று வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் மூதாயாக, ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு ஒரு பெயர் கூடவா இல்லாமல் போகும்? இந்த வருடம் வாசிக்கும் முறை வெர்னாவுடையது. பெயரில்லாமல் வாசிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தேடினாள். நீதிமன்றப் பதிவுகள் உள்நாட்டுப் போரிலேயே எரிந்திருந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுத்த மகராசன் ‘கே. பர்டிக்’ என்று ஓர் எழுத்தோடு வேலையை முடித்திருந்தான். ஆமோஸ் அதே போரில் படையிலிருந்து காய்ச்சலோடு வந்து செத்தவர். அதனால் விதவை பென்ஷன் கோப்பு கேட்டு வாஷிங்டனுக்கு எழுதிப் போட்டாள். கல்லறை நாளுக்கு முந்தின நாள் கனத்த உறை வந்தது.

உள்ளே அந்த வேதாகமப் பக்கத்தின் நகல். கூடவே ஒரு மனு.

“கல்யாணத்துக்குச் சான்று கேட்டீர்கள். வேறு சான்று இல்லாததால் இந்தப் பக்கத்தை நானே வெட்டி அனுப்புகிறேன். பென்ஷன் வராவிட்டால் என் பிள்ளைகளை வீட்டுக்கொன்றாகப் பிரித்து விடுவார்கள். பார்த்ததும் திருப்பி அனுப்பவும். கெசையா பர்டிக்.”

திருப்பி அனுப்பவேயில்லை. ஆனால் பென்ஷன் வந்தது; பிள்ளைகள் ஐந்தும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. வெர்னா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

மறுநாள் காலை கல்லறைக்குப் போனால், ஆர்லன் ஏற்கெனவே புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன வெர்னா, உங்க பக்கம் அந்த ஓரமாச்சே. வழி தவறிட்டியா?”

“நாங்க உன் கொள்ளுப்பாட்டி மேல பழி போட்டோம்ல ஆர்லன். அது பொய். பக்கத்த வெட்டினது அவங்கம்மா கெசையாவேதான். எங்களை மன்னிச்சிடு.”

அவன் தாளை வாங்கி மெல்லப் படித்தான்.

“கொள்ளுப்பாட்டி சாகுற வரைக்கும் ‘நான் எடுக்கல’ன்னு சொன்னாங்களாம். யாரு கேட்டா?” என்றான். “இருக்கட்டும். ஒன்னு சொல்லட்டுமா? முப்பது வருஷமா இந்தக் கல்லைச் சுத்தி நான்தான் புல் வெட்டறேன்.”

“நீயா? ஊராட்சி ஆளு வெட்டுறான்னுல்ல நெனச்சோம்.”

“நெனப்பீங்க.”

 வெர்னா தாளை அவன் கையிலேயே விட்டாள். “இந்தக் கல்லுக்கு நீ வாசி.”

பதினொரு மணிக்கு எல்லாரும் கூடினார்கள். ஆர்லன் தொப்பியைக் கழற்றிவிட்டு முழுப் பெயரையும் வாசித்தான். பிறகு கல்லைப் பார்த்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், பக்கத்தில் நின்ற வெர்னாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“இத்தனை வருஷமா புல் வெட்டறப்ப ‘கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா’ன்னுதான் சொல்லிட்டிருந்தேன், கெசையாம்மா. உங்க பேரு தெரியாது.”