வாடை வராத குடி

சாராயக் கடைகள் மறுபடியும் திறந்த வருஷம் அது. சங்கரன்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் தேவசுந்தரத்தின் நடை மாறியதும் அதே வருஷம்தான். அதுதான் அவருக்குக் கெட்ட காலமாகப் போயிற்று.

அவருக்குப் பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. சபையில் மதுவிலக்குக் கூட்டம் என்றால் முதல் ஆளாகப் பேசுவார். குடிகாரனை நடையை வைத்தே சொல்லிவிடலாம் என்று மேடையில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

முதலில் கரும்பலகையில் எழுத்து கோணியது. பிறகு நடக்கும்போது அடிகள் அகன்று விழுந்தன. செருப்பின் குறை என்று நினைத்துப் புதுச் செருப்பு வாங்கினார். நாக்கு குழறத் தொடங்கியபோது, பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பாடம் நடத்தித் தொண்டை போய்விட்டது என்றார். அதற்குள் ஊர் வேறு காரணத்தைக் கண்டுபிடித்து விட்டது.

அவர் மனைவி இன்பத்துக்குக் குழாயடியில்தான் விஷயம் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தங்கபாய் குடத்தை நிமிர்த்தியபடியே, சார்வாளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொன்னாள். இன்பம் கோபப்பட்டாள். ஆனால் அன்று முதல் அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்க்க ஆரம்பித்தாள். சட்டையில் வேர்வையும் சாக்பீஸ் தூளும்தான் இருந்தன. அதனால் அவள் நிம்மதி அடையவில்லை. வாடை வராத எதையோ குடிக்கிறார் என்று நினைத்தாள்.

தலைமையாசிரியர் பவுல்பாண்டியன் அவரை மற்ற ஆசிரியர்கள் முன்னால் கூப்பிட்டார்.

“கொஞ்சம் ஊதும்வே” என்றார்.

தேவசுந்தரம் ஊதினார். பவுல்பாண்டியன் கிட்டத்தில் வந்து மோந்தார். ஒன்றும் இல்லை. தலைமையாசிரியரின் முகம் இன்னும் இறுகியது. ஆள் படித்தவர், மறைக்கத் தெரிந்தவர் என்று பிறகு மற்றவர்களிடம் சொன்னாராம்.

தேவசுந்தரம் அதற்குப் பிறகு கவனமாக நடந்தார். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக யோசித்து வைத்தார். பார்க்கிறவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நிதானத்தில் இருப்பவன் எதற்கு இவ்வளவு நிதானமாக நடக்க வேண்டும்? ஒருநாள் கோபத்தில் வகுப்பில் கத்தினார். அதுவும் குடிக்கணக்கில் சேர்ந்தது.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தேரடிப் பக்கம் அவர் விழுந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாளெல்லாம் பார்த்தார்கள். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவரை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார்கள். மனந்திரும்பும் வரை, சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று குருவானவர் வீட்டுக்கே வந்து அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். தான் குடிக்கவில்லை என்று நிரூபிப்பதிலேயே பொழுது கழிந்ததில், தனக்கு என்ன செய்கிறது என்று கேட்க அவருக்கே தோன்றவில்லை.

இன்பத்தின் தம்பி பிரபுதாஸ் நாகர்கோவிலிலிருந்து வந்து சில நாள் தங்கினான். விடிந்து எழுந்த மனிதர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுவதைப் பார்த்தான்.

“எக்கா, இவ்வளவு நாளா ஒருத்தருக்குமா தோணல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்னு?” என்றான்.

இன்பம் குனிந்து அவருக்குப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் அவரை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்துக்குப் போயிற்று. சிறுமூளை சுருங்கி வருகிறது, இதற்கு மருந்து கிடையாது, போகப் போக நடையும் பேச்சும் நின்றுவிடும் என்றார் டாக்டர். இன்பம் அங்கேயே அழுதாள். தேவசுந்தரத்துக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், தனக்கு மூளையில் வியாதி என்று குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆள் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வேறு இடம் மாறி உட்கார்ந்தார்.

செய்தி பரவியதும் ஆட்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். பவுல்பாண்டியனும் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் அன்னைக்கே சொன்னேம்மா, சார்வாளைப் போய் அப்படி நினைக்கப்படாதுன்னு. ஒருத்தனும் கேக்கல” என்றார்.

தேவசுந்தரம் தலையைத் தூக்கினார். பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க எதையோ சொன்னார். பவுல்பாண்டியனுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று இன்பத்திடம் கேட்டார்.

இன்பத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது. ‘நீங்கதான சார் என் வாய மோந்து பாத்திய’ என்றுதான் அவர் சொன்னார்.

“நீங்க வந்ததுல சந்தோசம்னு சொல்லுதாவ” என்றாள்.

தேவசுந்தரம் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மிச்சமிருந்த பேச்சை அவர் அதற்குப் பிறகு அவளிடம் செலவழிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டினார்.

மூன்றாம் வருஷம் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் பவுல்பாண்டியன் பேசினார். இந்த ஊர் அவரை ஒருநாளும் கைவிடவில்லை என்றார். பலர் ஆமென் சொன்னார்கள்.

இன்பம் பிறகு தம்பி வீட்டோடு போய்விட்டாள். அங்கே அவரைப் பற்றி யார் கேட்டாலும், ஊரே தப்பாகப் பேசியபோதும் தான் மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை என்று சொல்வாள். பிரபுதாஸ் எழுந்து வெளியே போய்விடுவான். அவன் எதற்குப் போகிறான் என்று அவளுக்குப் புரிவதில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தோம் என்று முழு மனதோடு நம்பினாள்.