கூடை ஏறும் உயரம்

1931 அக்டோபர் 20, செவ்வாய். காலை ஆறு. நேற்று அம்மாவின் கைவீக்கம் மணிக்கட்டு வரை என்று எழுதியிருந்தேன். தவறு. முந்தானையை விலக்கிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். முழங்கைக்கு நாலு விரல் கீழே வரை.

நோட்டில் எழுதி முடித்ததும் ஜெசிந்தா பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். வலை தைக்கிற நூலில் ஒரு துண்டு கிள்ளி, வீக்கத்தின் சிவப்பு முடிகிற இடத்தில் அம்மாவின் வலக்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டினாள்.

"இன்னாடி, கன்னுக்குட்டிய கட்ற மாதிரி கட்ற?" என்றாள் முத்தம்மா.

"எதுவரைக்கும் ஏறுதுன்னு பாக்கறேன்."

"பாத்து?"

ஜெசிந்தா முடிச்சை இன்னொரு முறை சரிபார்த்தாள்.

போன வியாழக்கிழமை வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கெளுத்தி முள் ஒன்று முத்தம்மாவின் உள்ளங்கையில் இறங்கியது. சுண்ணாம்பு தடவிக்கொண்டு, அன்றைக்கும் மயிலாப்பூர் வரை மீன்கூடை சுமந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகூப்ப முடியவில்லை. நேற்று அப்பா, அம்மா, ஜெசிந்தா மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார்கள். டாக்டர் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, நாளை பொழுது சாய்வதற்குள் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், சிவப்பு முழங்கையைத் தாண்டிவிட்டால் எடுத்தும் பயனில்லை என்றார்.

"ஒத்தக் கையால கூடைய எப்பிடி சாமி புடிக்கிறது? வேணாம்" என்று முத்தம்மா எழுந்துவிட்டாள். அப்பா டாக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார்.

அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான். கட்டுமரம் கரை ஏறியதும் மற்ற ஆண்கள் வலையை உதறப் போய்விடுவார்கள். பெண்களே ஒருத்திக்கொருத்தி கூடையைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். அப்பா தேசப்பன் மட்டும் கலியாணமான மறுநாளிலிருந்து பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே கூடை ஏற்றிவிட்டார். மணலிலிருந்து எடுக்க அவர் குனிவார். கூடைக்கு அடியில் தலை கொடுக்க அவள் முழங்காலை மடக்குவாள். கலியாணத்தன்று சாமியார் வேதாகமத்து நிருபம் வாசித்து, புருஷனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் பணிய வேண்டும் என்றாராம். அதை ஊரில் எல்லாரும்தான் கேட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கரையில் அன்று ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. கடல் செம்மண் கரைத்தாற்போல் இருந்தது. அலை ஒதுக்கிய பேத்தை மீன்கள் வயிறு உப்பிக் கிடந்தன. காக்கைகூட அவற்றைத் தொடவில்லை. அப்பா மணலில் உட்கார்ந்து, கிழிசல் இல்லாத வலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நைனா, நீ போலாம்னு சொல்லு. நீ சொன்னா அம்மா கேக்கும்."

"கேக்கும். அதான் பயமா கீது."

"இன்னா பயம்?"

"ரங்கூனுக்குப் போலாம்னு ஒருவாட்டி சொன்னேன். சரின்னுச்சி. அன்னிக்கு அதுக்குச் சோறு எறங்கல. தட்டப் பாத்துட்டு நானே நின்னுட்டேன்." வலையை மடியிலிருந்து தள்ளினார். "வெட்டப் போறது என் கையா? அது வேணாங்குது. நான் எந்த வாயால வேணும்ங்கிறது?"

அந்த வழியாகப் போன தேவானை, பக்கத்து வீட்டுக்காரி, நின்றாள். "இன்னாண்ணே, பொஞ்சாதி உத்தரவு இன்னும் வரலியா? ஆம்பளயா லட்சணமா அலாக்கா தூக்கி வண்டில போடு. எவ தடுக்கப் போறா?" எப்போதும் கேலி பேசுகிறவள்தான். ஆனால் இன்று சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

அப்பா தள்ளிவிட்ட வலையை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டார்.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தபோது கையின் சிவப்பு, கட்டிய நூலைத் தாண்டி இரண்டு விரல் ஏறியிருந்தது. நூல் சதைக்குள் பதிந்திருந்தது. ஜெசிந்தா அதை அறுத்துவிட்டு மேலே வேறு கட்டினாள். முழங்கைக்கு இன்னும் இரண்டு விரல்தான் மிச்சம். குடிசைக்குள் கருவாட்டு வாசனையை மீறி இன்னொரு வாசனை வந்தது.

"உங்க நைனா இன்னா சொல்லுது?" முத்தம்மாவின் உதடு வெடித்திருந்தது.

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லாது. நான் வேணாம்னுட்டேன்ல." இடக்கையால் வலக்கையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அது வாயால போலாம்னா எழுந்து போயிடுவேண்டி. ஒத்தக் கை இன்னா, ஒத்தக் கை. தூக்கிவுட அது கீதுல்ல."

ஜெசிந்தா எழுந்தாள்.

"குந்து. நீ போய் ஊதாத. நான் சொல்லிவுட்டு அது சொன்னா, அது என் பேச்சுதான? அதுக்கே மனசு ஒப்பணும். சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

நோட்டில் இரண்டையும் எழுதினாள். அம்மா: அப்பா சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவார். அப்பா: அம்மா வேண்டாம் என்பதால் சொல்ல மாட்டார். தப்பாகக் கேட்டுக்கொண்டேனோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அம்மா கூடாது என்று சொன்னதை மீற நான் யார் என்று நினைத்தாள். நோட்டை மூடினாள்.

நாலரை மணிக்கு அப்பா கஞ்சிக் கலயத்தோடு வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"நீ குடி" என்றாள் அம்மா.

"நீ மொதல்ல."

"நீ காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணல."

கலயம் அவரிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து அவருக்கும் போய் வந்தது. கடைசியில் தரையில் அப்படியே இருந்தது.

"கிளாசுக்கு நேரமாச்சே, போ" என்றாள் அம்மா. "போய்ட்டு வா" என்றார் அப்பா. அன்று இரண்டு பேரும் வாய்விட்டு ஒரே பேச்சாகச் சொன்னது அது ஒன்றுதான். ஜெசிந்தா போனாள்.

கன்னியர் மடத்துச் சாயங்கால வகுப்பில் மதர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அன்றைய பாடம் நல்ல குடும்பம். மனைவி கணவனுக்குப் பணிவாள், கணவன் மனைவிக்காகத் தன்னையே கொடுப்பான், இருவரும் ஒருவருக்கொருவர் தாழ்ந்திருப்பார்கள். ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"மதர், ரெண்டு பேருமே தாழ்ந்து நின்னா, மொதல்ல பேசுறது யாரு?"

பெண்கள் சிரித்தார்கள்.

"வாய் இருக்கிறவங்க பேசுவாங்க. உட்கார்ந்து எழுது" என்றார் மதர்.

அவள் உட்காரவில்லை. நோட்டைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மா சொன்னதை மூச்சிரைக்கச் சொன்னாள்.

"எப்ப சொன்னுச்சி?"

"மத்தியானம். கோயில் மணி அடிச்சப்ப."

அவர் அவளைப் பார்த்தார். உள்ளே போய்க் குனிந்தார்.

"முத்தம்மா. போலாம்."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

"சரி" என்று அவள் இடக்கையை அவர் கழுத்தில் போட்டாள்.

தேவானை ஓடிப் போய் சேட்டு பாயின் ஜட்கா வண்டியைக் கூட்டி வந்தாள். தலைக்கு வைக்க எதுவும் அகப்படாமல், கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டை அப்பா மடித்து வைத்தார். வண்டி மணலைவிட்டுத் தெருவில் ஏறும்போது ஆறு மணி அடித்தது. மேலே கட்டிய நூலை ஜெசிந்தா தேடினாள். வீக்கம் அதை விழுங்கியிருந்தது. சிவப்பு முழங்கையைத் தாண்டித் தோள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து மூடினாள்.

"பாய், சீக்கிரம்."

"குதிரைக்கும் தெரியுதும்மா. போய்க்கினுதான் கீது."

லஸ் முனையில் முத்தம்மா கேட்டாள், "வந்துட்டமா?"

"இதோ" என்றார் அப்பா. அவள் நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றினார். ஒற்றிக்கொண்டே இருந்தார். வேர்வை நின்றுவிட்டதை ஜெசிந்தா பார்த்தாள். அவர் கை நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து, "பாய், வண்டியத் திருப்பு" என்றார்.

மறுநாள் பிற்பகல் அடக்கம் முடிந்தது. தேவானை கொண்டுவந்த கஞ்சியை அப்பா ஒரே மூச்சில் குடித்தார். மடத்திலிருந்து நோட்டு வந்திருந்தது. ஜெசிந்தா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவினாள். அக்டோபர் 21, புதன் என்று எழுதினாள். தவறு என்று எழுதி, அதற்கு மேல் எழுத வரவில்லை.

அப்பா வெளியே போய்க் கூடையைக் கழுவிக் கொண்டுவந்தார். கடல் தெளிந்துவிட்டது, நாளன்னிக்கு மரம் இறங்கும் என்றார். பிறகு, எப்போதும்போல் குனிந்து, காலிக் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் உயரத்துக்குத் தூக்கியிருந்தார். ஜெசிந்தா அம்மாவைவிட ஒரு சாண் உயரம். அவள் எழுந்து போய், முழங்காலை நன்றாக மடக்கி, அடியில் தலையைக் கொடுத்தாள். பிரம்பு உச்சியில் குத்தியது.

"சும்மாடு எங்க?" என்றார் அப்பா.

அவள் திரும்பி வந்து நோட்டை எடுத்தாள்.

நாளை: காலை ஏழு மணிக்குள் சேட்டு பாய் வீட்டுக்குப் போய், வண்டியில் விட்டுவந்த சும்மாட்டை வாங்கி வர வேண்டும்.