பன்றிக்கு வைத்த கம்பி

பெனி உதிரிப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புல்லுக்கும் காய்ந்த மட்டைகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும், எண்ணெய்க்கு ஆட்டும் செம்பனைப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் போட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கங்காணி தாஹிர் பூட்ஸ் முனையால் தட்டிக் காட்டுவார். மூன்றாவது கோணி நிரம்பும்போது ஆற்றுப் பக்கத்து வரிசைகளிலிருந்து கீச்சென்று ஒரு பிளிறல் கேட்டது.

நாலு மரம் தள்ளி ஒரு பெண்யானை நின்றது. அதன் வயிற்றடியில் குட்டி. குட்டி ஒரு முன்னங்காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தது. கம்பி சதைக்குள் புதைந்து, அதற்கு மேலும் கீழும் கால் பூசணிபோல் வீங்கியிருந்தது. வெளியே தொங்கிய நுனியில் சிவப்பு ரப்பர் உறை. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி. அந்தச் சிவப்பு உறையைப் போன வாரம் அவள் தன் வீட்டு வாசலிலேயே பார்த்திருந்தாள். கோணியைப் போட்டுவிட்டு ஓசைப்படாமல் பின்வாங்கினாள்.

புருஷன் கொபோங் குலை வெட்டும் கழியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டாள்.

"நோகோ அப்பா, ஆத்துப் பக்கம் கண்ணி வச்சியா?"

"ஆமா, பன்னிக்கு. பிள்ளைக்குக் கோயில்ல புதுநன்மை வருதே, சனத்துக்குக் கறி போட வேணாமா?"

"யானைக்குட்டி மாட்டிக்கிட்டு அறுத்துட்டு வந்திருக்கு. கால்ல சீழ் வடியுது."

அவன் குறடு ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான். அரை மணியில் திரும்பி வந்தபோது சட்டை முதுகில் கிழிந்திருந்தது. தாய் கிட்டவே விடவில்லை என்றான்.

மறுநாள் பெனி தாஹிரிடம் போனாள். அவரும் இவர்களைப்போலக் கடல் தாண்டி வேலைக்கு வந்து கங்காணி ஆனவர்தான்.

"வனவிலங்கு ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கண்ணே."

"அவங்க மட்டும் வருவாங்கன்னு நெனச்சியா? பின்னாலயே வேலை பாஸ் கேக்குற குடிநுழைவுக்காரனும் வருவான். உங்க பாஸ் தேதி முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு."

"புதுப்பிச்சுத் தர்றோம்னு வாங்கி ஆபீஸ் பீரோவுல பூட்டினது நீங்கதானே?"

"நானா பூட்டினேன்? மேனேஜரக் கேளு போ. வாய மூடிக்கிட்டு இருந்தா குட்டி தானா அடங்கிடும்."

குட்டி அடங்கவில்லை. வெட்டு வேலையைத் தோட்டத்தின் வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேயும் அந்தச் சத்தம் வந்தது. ஐந்தாம் நாள் காலையில் கொபோங் பக்கத்து வீட்டுக்காரனிடம் போனை வாங்கினான்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? உன்னத் தூக்கிட்டுப் போனா நானும் பிள்ளையும் என்ன ஆறது?"

"கழியத் தூக்குனா கை ஏற மாட்டேங்குது பெனி. காதுக்குள்ளயே கத்துது."

மதியம் இரண்டு வண்டிகள் வந்தன. தாய்க்கும் குட்டிக்கும் மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி எடுத்து, குட்டியை லாரியில் ஏற்றினார்கள். தாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. மூன்றாவதாக வந்த வண்டியில் குடிநுழைவு அதிகாரிகள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி பெனியையும் மகள் நோகோவையும் இழுத்துக்கொண்டு செம்பனைகளுக்குள் பதுங்கினாள்.

வனவிலங்கு ஆபீசிலிருந்து வந்த பெண் மருத்துவர் கம்பியைத் தூக்கிக் காட்டினார். "இத வச்சது யாரு?"

"நான்தான் டாக்டரம்மா. பன்னிக்கு வச்சேன்." கொபோங் முன்னால் வந்தான். "பொழச்சுக்குமா?"

அவர் லாரியில் ஏறிக்கொண்டார்.

"பாஸ் எங்க?" என்றார் அதிகாரி.

"ஆபீஸ்ல இருக்குங்க."

மேனேஜர் இல்லையென்று தலையை ஆட்டினார். "இவன் எங்க ஆளே இல்ல. காண்டிராக்டர் கூட்டிட்டு வந்தவன். வேட்டையாடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டோம்."

பதினோரு வருடங்களாக அந்தத் தோட்டத்தில் குலை வெட்டியவன் கொபோங். அவன் தாஹிரைப் பார்த்தான். தாஹிர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். வண்டியில் ஏற்றும்போதும், கதவைச் சாத்தும்போதும் கொபோங் செம்பனைகள் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. இலைச் சந்தில் நோகோ வாய்திறக்கப் போனாள். பெனி அவள் வாயைப் பொத்தினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தாஹிர்தான் சேதி கொண்டுவந்தார். குட்டி பிழைக்கவில்லை. கொபோங்குக்கு எட்டு மாதச் சிறை, பிறகு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அந்த மாதக் கடைசியில் ஆற்றோரம் மிச்சமிருந்த காட்டையும் இயந்திரம் வைத்துப் பிடுங்கினார்கள். ஒருநாள் காலையில் பெனி கோணியோடு போகையில் தாஹிர் வழிமறித்து வெடி ஒன்றையும் தீப்பெட்டியையும் நீட்டினார்.

"தாய் குட்டியத் தேடிக்கிட்டு தெனம் வருது. இளங்கன்னெல்லாம் மிதிபடுது. பத்த வச்சு ஆத்துப் பக்கம் வெரட்டு."

"என்னால ஆகாதுண்ணே."

"ஆகாதுன்னா லயத்தக் காலி பண்ணச் சொல்லுவாரு மேனேஜர். பாஸ் இல்லாம பிள்ளையோட எங்க போவ?"

யானை இருபது அடி தூரத்தில் தும்பிக்கையால் தரையை மோந்துகொண்டிருந்தது. பெனி வெடியைப் பற்றவைத்து எறிந்தாள். யானை உடம்பு குலுங்கத் திரும்பி ஆற்றை நோக்கி ஓடியது.

அங்கே கரைவரைக்கும் செம்மண். வேரோடு சாய்த்த மரங்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. குவியல்களுக்கு நடுவே கறுப்புப் பைகளில் புதுக் கன்றுகள் வரிசையாக இருந்தன. யானை ஒரு குவியலின் முன்னால் நின்றது. அடுத்ததன் முன்னால் போய் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கியது.

"வருது பாரு," என்று தாஹிர் இன்னொரு வெடியை அவள் கையில் வைத்தார்.

பெனி தீக்குச்சியை உரசினாள்.