அரை மணி நேர வேலை

யுத்த காலத்தில் பட்டாபிராமில் சரக்கு வேகன்கள் நிற்கும் ரயில் சைடிங்கை ஒட்டி ஓர் இராணுவப் பட்டறை இருந்தது. பர்மா எல்லையில் சேற்றிலும் மலையிலும் ஓடி நொந்து திரும்பிய ஜீப்புகளை அங்கே பழுது பார்த்தார்கள். துலுக்கானம் அதில் ஃபிட்டர். திருமுல்லைவாயில் சேரியிலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். அவனுடைய அப்பா சாகும்வரை அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர்.

1944 சித்திரையில் ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது சூப்பர்வைசர் வீரராகவன் வந்தார். மறுநாள் பட்டறையின் தலைவரான வெள்ளைக்காரத் துரை பழவேற்காட்டுக்கு வாத்து சுடப் போகிறாராம். அவருடைய ஜீப்பில் ஃபேன் ஆடுகிறதாம்.

துலுக்கானம் கழற்றிப் பார்த்தான். ரேடியேட்டருக்குப் பின்னால் சுழல்கிற ஃபேனும், தண்ணீரைத் தள்ளுகிற பம்பும் ஒரே தண்டில் இருந்தன. தண்டைத் தாங்கும் பேரிங், தான் உட்காரும் குழியைத் தேய்த்துப் பெரிதாக்கியிருந்தது. விரலால் தட்டினாலே ஃபேன் கடகடவென்று ஆடியது. அப்படியே ஓட்டினால் பெல்ட் நழுவும், ஃபேன் சுற்றாது, எஞ்சின் கொதித்து வழியில் நின்றுவிடும்.

"ஸ்டோர்ல புதுசு இல்ல சார். தகரத்த மெல்லிசா வெட்டி குழில சுத்தி அடிச்சா பேரிங் கெட்டியா குந்திக்கும். அரை மணி நேரம் குடுங்க."

"துரை வண்டிக்குத் தகரமா? ஆஸ்பத்திரி ஜீப்புல நல்லது இருக்கு. அதைக் கழட்டி இதுல மாட்டு. இதை அதுல மாட்டு."

"அது அடிபட்டவங்கள ஏத்தினு போற வண்டி சார்."

"சொன்னதைச் செய்டா. ஏர் ஓட்டினவன் மகன் எனக்குப் பாடம் நடத்தறியா?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருவன் சிரிக்கவும் செய்தான்.

துலுக்கானம் மாற்றி மாட்டினான். துரையின் ஜீப் சத்தமில்லாமல் ஓடியது. வீரராகவன் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். தேய்ந்த சாமான் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஆடிக்கொண்டிருந்தது. தகரம் அவன் பெட்டியிலேயே இருந்தது. இன்னும் அரை மணி உட்கார்ந்திருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் அவனுக்கு நெஞ்சு எரிந்தது. மாட்டச் சொன்னார், மாட்டியாயிற்று. வண்டி எங்கேயாவது நிற்கட்டும், அவர் மேலிடத்தில் பதில் சொல்லட்டும் என்று நினைத்தான். சங்கு ஊதியதும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

திங்கட்கிழமை காலை சைடிங்கில் கூச்சல் கேட்டது. வேகனிலிருந்து இறக்கும்போது ஒரு மரப்பெட்டி சரிந்து தாயம்மாவின் வலது காலை நசுக்கிவிட்டது. தாயம்மா துலுக்கானத்தின் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் புருஷன் செங்கல்வராயனும் அங்கே மூட்டை இறக்குகிறவர்கள். பட்டறையிலிருந்த கம்பவுண்டர் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ரயிலுக்கு வழியில்லை. பட்டாளத்து ஸ்பெஷல் ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. அடுத்த பாசஞ்சர் மத்தியானம்தான்.

தாயம்மாவைப் பின்னால் படுக்க வைத்து, செங்கல்வராயன் பக்கத்தில் ஏறிக்கொள்ள, டிரைவர் ஜம்புலிங்கம் ஆஸ்பத்திரி ஜீப்பைக் கிளப்பினான். கடகட சத்தம் துலுக்கானத்துக்குக் கேட்டது. துரை தன் ஜீப்பில் வெளியே போயிருந்தார்; வேறு வண்டி எதுவும் ஓடும் நிலையில் இல்லை. இப்போது தகரம் அடிக்க உட்கார்ந்தால் தாமதமாகும் என்று அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் ஏறிக்கொண்டான்.

"நீ எதுக்கு அண்ணாத்தே?" என்றான் ஜம்புலிங்கம்.

"ஓட்டு. மெதுவா ஓட்டு."

ஆவடி தாண்டியது. திருமுல்லைவாயில் தாண்டியது. அம்பத்தூர் ஏரிக்கரைக்கு வந்தபோது பானட்டிலிருந்து ஆவி சீறியது. பெல்ட் அறுந்து தொங்கியது.

துலுக்கானம் ஜீப்பைப் புளியமர நிழலில் தள்ளச் சொன்னான். எஞ்சின் கொஞ்சம் ஆறும்வரை தொடக்கூட முடியவில்லை. இராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. செங்கல்வராயன் சாலை நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். லாரிகள் ஒதுங்கிப் போயின. ஒன்றும் நிற்கவில்லை.

துலுக்கானம் சூட்டோடு சூடாக பம்பைக் கழற்றினான். தகரத்தை வெட்டி, குழிக்குள் சுற்றி, பேரிங்கை வைத்து மரக்கட்டையால் தட்டினான். முதல் தடவை கோணலாக இறங்கியது. மறுபடி எடுத்து, தகரத்தைத் தேய்த்து மறுபடி தட்டினான். பின்னால் தாயம்மா முனகிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் எம்மா நேரம் மாமே?" செங்கல்வராயன் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "ரத்தம் நிக்கல. அவ கண்ண மூடினே கீறா."

"ஆச்சு மச்சான், ஆச்சு. ஏரித் தண்ணி மொண்டுகினு வா."

பெட்டியில் இருந்த பழைய பெல்ட் ஒன்றைப் போட்டு முடுக்கி, தண்ணீர் ஊற்றினார்கள். ஃபேன் ஆடாமல் சுற்றியது. அங்கே மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் போயிருந்தது.

சாயங்காலம் தாயம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த டாக்டர், "ஏன் இவ்வளவு லேட்?" என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று துலுக்கானம் கேட்கவில்லை.

செங்கல்வராயன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ கூட வரலன்னா அவ ரோட்லயே பூட்டிருப்பா மாமே. சாமி மாதிரி வந்த."

சேரியிலும் அதே பேச்சாக இருந்தது. யார் யாரோ வீடு தேடி வந்து பாராட்டினார்கள். துலுக்கானம் அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. பதினைந்து நாள் தாங்கினான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், தாயம்மாவின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வீரராகவன் சொன்னதையும் சொன்னான், தான் செய்யாமல் விட்டதையும் சொன்னான்.

தாயம்மா தலையை அவன் பக்கம் திருப்பினாள்.

"அந்தத் தகரம் அடிக்க எம்மா நேரம்?"

"பட்டறைல வெச்சின்னா அரை மணி நேரம்க்கா."

"அவர் மேல கோவம். அதுக்கு என் காலா?"

அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட அழுது இன்னா பிரயோஜனம்? பெட்டி என் கவனக்கொறவாலதான் வியுந்துச்சு, வண்டில ஒண்ணும் கோளாறு இல்லன்னு பட்டறைல எழுதிக்கினாங்களாம். போய் தொரைகிட்ட சொல்லு. இப்ப சொன்னத அப்பிடியே சொல்லு."

சொன்னான். கிளார்க் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, துரை கேட்டுக்கொண்டிருந்தார். வாத்து வேட்டை என்ற இடம் வந்ததும் அவர் முகம் சிவந்தது. மறுநாளே துலுக்கானத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீரராகவனை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு சரி. தாயம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செங்கல்வராயன் அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

துலுக்கானம் பூந்தமல்லியில் ஒரு பஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே எந்த வண்டியையும் பாதியில் விட்டுவிட்டு அவனால் எழுந்துபோக முடியவில்லை. மற்றவர்கள் கிளம்பிய பிறகும் போல்ட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தாயம்மா கட்டைக்கால் வைத்துக்கொண்டு திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் கீரை விற்றாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் வேகமாக நடப்பான். பக்கத்து வீடாக இருந்தும் அவளும் கூப்பிட்டதில்லை. ஒரு வருஷத்துக்குமேல் இப்படியே போனது.

ஒருநாள் சாயங்காலம் மழை தூற ஆரம்பித்தது. அவள் கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"துலுக்கானம்."

அவன் நின்றான்.

"இத்தத் தூக்கி வையி."

தூக்கி வைத்தான். ஈரக் கீரை கனமாக இருந்தது. "ஊடு வரிக்கும் நான் எடுத்தாரன்க்கா" என்றான்.

"வேணாம்" என்றாள் தாயம்மா. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டைக்காலை இழுத்து இழுத்து, மழையில் நடந்து போனாள்.