சிரிஞ்சேயில் ஒரு பகல்

கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் காசி இவ்வளவு மெதுவாக நடந்து நாகம்மை பார்த்ததில்லை. காரைக்குடிக் கடைவீதியில்கூட அவன் பத்தடி முன்னால்தான் போவான். பின்னால் அவள் வருகிறாளா என்று திரும்பியும் பார்க்க மாட்டான். அன்றைக்குத் துருக்கியில், மலைச்சரிவில் வெள்ளையடித்த வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் சிரிஞ்சே கிராமத்தில், அவள் நின்ற இடத்திலெல்லாம் அவனும் நின்றான்.

கல் பாவிய சந்துகள். வாசலில் ஒரு கிழவி தட்டு நிறைய மல்பெரிப் பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்கிக்க," என்றான் காசி. இன்னொரு கடையில், சூடான மணலில் செம்பைப் புதைத்துக் காப்பி போட்டார்கள். அது பொங்குவதைப் பார்க்க அவள் கால்மணி நேரம் நின்றாள். அவன் முகம் சுளிக்கவில்லை. இடையிடையே அவன் போன் அடித்தது. ஒவ்வொரு தடவையும் "கடையிலேருந்து" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய்ப் பேசினான். அவர்கள் இருவரில் ரோமிங் அவன் போனில் மட்டும்தான் போட்டிருந்தது. அவள் போன் பெட்டிக்குள் கிடந்தது.

"இங்குட்டுப் பாருங்க," என்று கூப்பிட்டாள் காசியின் தங்கை மீனு. மல்பெரிச் சாறு உதடெல்லாம் நீலமாய் ஒழுக, நாகம்மை வாய்விட்டுச் சிரித்தாள். மீனு படம் பிடித்தாள்.

காரைக்குடியிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மத்தியானம் எல்லோரும் பஸ்ஸில் மலையிறங்கிப் பக்கத்து ஊரான செல்சுக்குக்குப் போனார்கள். அங்கே இடிந்த பழைய தூண்களின் தலையில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சுகளோடு நின்றன. கீழே சாலையில் லாரி போனது, சந்தையில் தக்காளி விற்றார்கள். நாரைகள் எதையும் சட்டை செய்யவில்லை. நாகம்மைக்குக் கோட்டையூரிலிருக்கும் தன் அப்பச்சியின் நினைப்பு வந்தது. பெற்ற தகப்பனான முத்தப்பனிடம் எதையும் காட்டாமல் அவளுக்கு ஒன்றும் நிறையாது.

"அப்பச்சிக்கு இதைக் காட்டணும். கொஞ்சம் போன் போட்டுத் தாங்க."

"அங்க மணி நாலு. படுத்திருப்பாக. அப்புறம் பேசிக்கலாம்," என்றான் காசி. சொல்லிவிட்டு, சந்தையில் அவளுக்கு ஒரு நீலச் சால்வை வாங்கிக் கொடுத்தான். கேட்காமல் அவன் வாங்கிக் கொடுத்த முதல் துணி அது. இந்த மனுஷனை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில், வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது சொன்னான்.

"நாகு, சத்தம் போடாத. அப்பச்சி தவறிட்டாக."

அவளுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "எப்ப?"

"விடியக்காலைல. மத்தியானமே எடுத்துட்டாக."

"நீங்க எப்பக் கேட்டீக?"

"காலைல, சாப்பிடறப்ப." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தெரிஞ்சு என்ன செய்யப்போற? இங்கேருந்து பறந்தாலும் முகத்தைப் பாத்திருக்க முடியாது. பன்னண்டு பேரு ஆசையா வந்திருக்காக. நீ ஒப்பாரி வச்சா எல்லாருக்கும் பகல் கெட்டிருக்கும்."

முன்சீட்டிலிருந்த மீனு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். விரலிடுக்கில் மடித்த டிஷ்யூ தயாராக இருந்தது. அவளுக்கும் காலையிலிருந்தே தெரியும் என்று நாகம்மைக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் கோட்டையூர் வீட்டுக்குள் அவள் அழுதபடி நுழைந்தபோது, தம்பி ஆதித்தன் மொட்டைத் தலையோடு எதிரே வந்தான். அக்காளை அவன் ஆச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"வாங்க ஆச்சி. ஊரெல்லாம் சுத்திப் பாத்து முடிச்சுட்டீகளா?"

அவன் நீட்டிய போனில், மீனு எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்த படம். நீல உதடுகளோடு நாகம்மை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது வந்தப்ப அப்பச்சியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம்."

"எனக்குத் தெரியாதுடா. சாயங்காலந்தான் சொன்னாக."

"நாலு தடவ கூப்பிட்டேன். வீடியோவுலயாவது முகத்தைப் பாக்கட்டும்னு கெஞ்சினேன். நீங்க போனுக்கு வரமாட்டேங்கிறீகன்னு அத்தான்தான் சொன்னாக."

கூடமே காசியைப் பார்த்தது. அவன் அவசரப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளில் கை வைத்தான்.

"விடு ஆதித்தா. அதிர்ச்சியில இவளுக்கு நான் சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. ஒண்ணும் கேக்காத, பாவம்."

அவ்வளவு பரிவோடு சொன்னான். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அது காசிக்காக.

நாகம்மை அவன் கையைத் தட்டிவிட்டாள். "மீனு, நீயாச்சும் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? நான் போட்டோ எடுத்தேன், அம்புட்டுதான்," என்றாள் மீனு.

மூலையில் கிடந்த ஆத்தா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். மகள் ஓடிப்போய் அவள் மடியில் விழப்போனாள். ஆத்தா காலை மடக்கிக்கொண்டாள்.

"வரலைன்னா வரலைன்னு சொல்லு. கட்டினவன்மேல பழியைப் போடாத."

யாரும் நாகம்மையை உட்காரச் சொல்லவில்லை. காசிக்கு மட்டும் காப்பி வந்தது, நின்றபடியே குடித்தான்.

வாசல்வரை வழியனுப்ப வந்த ஆதித்தன், அக்காளைப் பார்க்காமல் காசியிடம் சொன்னான்: "காரியத்துக்கு நீங்க மட்டும் வாங்க அத்தான். ஆச்சி வரவேணாம்."

"நான் வந்துர்றேன்," என்றான் காசி.