மூன்று விசில் பொங்கல்

வாகினி எதையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வாள். மாத்தளை நகரத்தில், அரிசி ஆலைக்குப் பின்புறமுள்ள முன்பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். தைப்பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று, 'எங்கள் வீட்டுத் திருநாள்' என்று பிள்ளைகளைப் பேச வைக்க ஏற்பாடு. முதலில் பொங்கல், அடுத்து நோன்புப் பெருநாள், கடைசியில் சித்திரைப் புத்தாண்டு என்று வரிசை போட்டிருந்தாள். பன்னிரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்துவிடாதிருக்க ஒரு சட்டமும் வைத்தாள். கையில் அகப்பை வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம்.

அகப்பை முதலில் தர்ஷிகாவிடம் போனது. கோலம், புதுப்பானை, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்த பால், அப்பா கொளுத்திய வெடி எல்லாவற்றையும் அவள் எழுந்து நின்று நடித்தே காட்டினாள். ஹாஷிமால் பொறுக்க முடியவில்லை. தங்கள் வீட்டிலும் பால் அடிக்கடி பொங்கி வழிகிறது, அதற்கு உம்மா ஏசுகிறாவே தவிர யாரும் வெடி கொளுத்துவதில்லை என்று அகப்பை இல்லாமலேயே முறையிட்டான். பள்ளியைக் கூட்டித் துடைக்கும் நோனா, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிங்களப் புத்தாண்டுக்குத் தங்கள் வீட்டிலும் பால் பொங்கும் என்று சேர்ந்துகொண்டாள்.

பிறகு அகப்பை தனுஜனிடம் வந்தது. நாலரை வயது. எதையும் யோசித்துப் பேசுகிற பிள்ளை.

"எங்க வீட்டுல பொங்கல் மூணு விசில்ல வரும்," என்றான்.

அவனுடைய அம்மா சுசீலாதேவி ஆஸ்பத்திரியில் தாதி. பொங்கலன்று காலை ஏழு மணிக்கே வேலை. அரிசி, பயறு, சர்க்கரை எல்லாம் பிரஷர் குக்கருக்குள் போனதை அவன் ஒழுங்காகத்தான் விளக்கினான். ஆனால் விசில் என்றதுமே பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்துவிட்டார்கள். வாகினியும் சிரித்துவிட்டாள். அதுதான் பிழை.

தனுஜன் அகப்பையைப் பாயில் வைத்தான். "பால் வழியலேன்னா, எங்க வீட்டுக்குப் பொங்கல் வரலயா டீச்சர்?"

வந்தது என்று அவள் எத்தனை விதமாகச் சொல்லியும் அவன் நம்பவில்லை. சிரித்தவள் சொன்னால் யார் நம்புவார்கள்.

மறுநாள் காலை அவன் வாசலுக்குள் வரமாட்டேன் என்று கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுசீலாதேவிக்கு முகமே சரியில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து, நமக்கு ஏன் பொங்கல் வரவில்லை என்று ஒரே கேள்வியாம். "பானை வைக்க எனக்கு நேரமில்லாமப் போச்சு டீச்சர். அது என்ர பிழைதானே," என்றாள்.

வாகினி கொப்பியைத் திறக்கவே இல்லை. தனுஜனைக் கதவருகில் உட்காரவிட்டு, எல்லோர் முன்னாலும் நேற்றுத் தான் சிரித்தது பிழை என்று சொன்னாள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால் வீட்டுக்குத் திருநாள் வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரியும் என்று கேட்டாள். தர்ஷிகா வெடிச் சத்தம் என்றாள். நோனா ரபான் மேளம் என்று சொல்லி வாளியைக் கவிழ்த்துத் தட்டியே காட்டினாள். ஹாஷிம் பள்ளிவாசலில் முழங்கும் தக்பீர் என்றான். அத்தோடு அவன் நிறுத்தவில்லை.

"எங்கட உம்மா பெருநாளைக்கு வட்டிலப்பம் குக்கர்லதான் அவிப்பா. ஆனா விசில் போடமாட்டா. அது எப்ப வெந்துச்சுன்னே தெரியாது. நான்தான் போய்ப் போய்ப் பாக்கணும்." கதவுப் பக்கம் திரும்பினான். "தனுஜன், ஒங்கட விசிலைப் பெருநாளைக்குத் தாறியா?"

தனுஜன் நீண்ட நேரம் யோசித்தான்.

"தாறேன். ஆனா பொங்கலுக்கு முந்தித் திருப்பித் தந்துரணும். அது இல்லாட்டி எங்க வீட்டுக்குப் பொங்கல் வராது."

எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தான். அகப்பையை வாங்கிக்கொண்டு, விசில் எப்படி வரும் என்று வாயால் ஊதிக் காட்டினான். பன்னிரண்டு பேரும் ஊதினார்கள். நோனா காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு வாகினியின் போன் அடித்தது. லீவில் வீட்டிலிருந்த சுசீலாதேவி, பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு நிற்கிறாளாம். "டீச்சர், குக்கர் விசிலைக் காணல்ல. தனுஜன் அங்க கொண்டு வந்தவரா?"

வாகினி திரும்பிப் பார்த்தாள். ஹாஷிமின் சாப்பாட்டுப் பெட்டிக்குள், பாண் துண்டுக்குப் பக்கத்தில் அது பத்திரமாக இருந்தது. பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது.

"அது பெருநாளுக்குப் போயிருக்குங்க," என்றாள். "பள்ளி விட்டதும் வந்துரும்."

பாயில் தனுஜன், ஹாஷிமின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டிக் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூணுதான். நாலாவது விசிலுக்கு விட்டா அடிப்பிடிச்சிரும்."