சர்ச்சுக்காக உட்கார்ந்த சனிக்கிழமை

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இட்லிக் கடை வைத்திருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைக்க முடியுமா? புருஷனிலிருந்து போலீஸ்காரர் வரை யாரையும் நான் விட்டு வைத்ததில்லை. அப்படிப்பட்டவள் சர்ச்சுக்காரர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டேன். ஏன் என்று கேட்டால், இந்தச் சனிக்கிழமை கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் குப்பம் நெம்மேலிக்குத் தெற்கே, ஈ.சி.ஆருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. சுனாமிக்குப் பிறகு பாதி ஜனம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கவர்மெண்ட் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் போய்விட்டது. சர்ச்சுக்காரர்களில் என் பக்கத்து வீட்டு ஞானம்மாளைத் தவிர எல்லோரும் அங்கேதான். சர்ச் மட்டும் தகரக் கூரையோடு என் கடைக்கு எதிரிலேயே நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு தரைப்பாலம். நல்ல மழை பெய்தால் அது முழுகிவிடும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் டிசம்பரில் அவர்கள் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார்கள். சங்கிலி ஜெபம் என்று பெயர். குப்பத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி நேரம். இந்து வீடா, துலுக்கர் வீடா என்றெல்லாம் கிடையாது. அந்த ஒரு மணி நேரமும் ஒருத்தர் சர்ச்சில் உட்கார்ந்து அந்த வீட்டுக்காக மட்டும் ஜெபம் செய்வார். நேரம் முடிந்ததும் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்து மணியை ஒரே தடவை அடிப்பார். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இவர் எழுந்திருக்கலாம். ராத்திரி பகல் பார்க்காமல் எல்லா வீடும் முடியும்வரை அது ஓடும். ஒரு வருஷம்கூட அறுந்ததில்லை. கொரோனா வருஷத்தில் சர்ச்சை நடத்துகிற உபதேசியார் ஜெபக்குமார் தன் பெண்சாதியோடு மாற்றி மாற்றி உட்கார்ந்து முடித்தார். "கடலோரத்து சர்ச்சுல ஜெபத்துக்குப் பேர் குடுத்தா ஒரு நாளும் விட்டுட மாட்டாங்க" என்று கேள்விப்பட்டு அணுபுரத்திலிருந்து அணுமின் நிலைய ஆபீசர் வீட்டு அம்மாக்கள்கூட கார் போட்டுக்கொண்டு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? எங்கள் வீட்டு நேரம் வந்தால் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு டீ கொடுத்தனுப்புவோம். டீ போகாத வீட்டைத் தெருவே பேசும். ஒரு வருஷம் பொன்னி வீட்டுக்கு ராகு காலத்தில் நேரம் விழுந்துவிட்டது. "எங்க வூட்டுக்கு ஜெபம் பண்றதே பண்ற, நல்ல நேரத்துல பண்ணக் கூடாதா?" என்று உபதேசியாரைத் தெருவிலேயே நிறுத்திச் சண்டை பிடித்தாள். நானும் அவள் கூடச் சேர்ந்துகொண்டேன். உபதேசியார் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, மாத்திக்கலாம். எங்களுக்கு எல்லா நேரமும் ஒண்ணுதான்" என்றார். அன்றிலிருந்து ராகு காலம் எமகண்டம் எல்லாம் சர்ச்சுக்காரர்கள் வீடுகளுக்கு. நல்ல நேரம் பூராவும் எங்களுக்கு.

இந்த வருஷம் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை மூன்று மணி. உட்காருகிறவள் ஞானம்மாள். எங்களுக்கு அடுத்த நேரம், நான்கு மணி, எங்கள் தெருவில் இருக்கும் வேண்டா என்பவள் வீட்டுக்கு.

வெள்ளிக்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் காற்றும் சேர்ந்தது. நான் டீயை சர்ச்சில் வைத்துவிட்டு வந்து அடுப்பை மூடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அலறல் கேட்டது. ஞானம்மாளின் மகள் பிரபா. புருஷன் துபாயில் வெல்டர். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் இன்னும் நிறையக் கிடந்தது. அதற்குள் வலி வந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாயெல்லாம் ஈரம். பனிக்குடம் உடைந்திருந்தது. பொன்னி ஏற்கெனவே 108-க்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஈ.சி.ஆரில் நிற்கும், தரைப்பாலம் தாண்டி உள்ளே வராது, நீங்கள் கொண்டு வந்து சேர்த்துவிடுங்கள் என்று சொன்னார்களாம். என் புருஷன் பார்த்திபன் ஆட்டோவைக் கிளப்பி வாசலில் நிறுத்தினார். "தண்ணி ஏறிகினே கீது. இப்ப போனா தாண்டிடலாம். கொஞ்சம் லேட் ஆச்சு, அவ்ளோதான்" என்றார்.

பிரபா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்று நின்றாள். "அம்மா வரணும். அம்மா இல்லாம நான் போவ மாட்டேன்" என்று ஒரே அழுகை. போன தடவை தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தை இல்லாமல் திரும்பி வந்தாள். அதை நினைத்தால் அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

"நீ உட்காரு, நான் உங்கம்மாவ இழுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்கு ஓடினேன்.

உள்ளே வேறு ஒரு ஆள் இல்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம் காதைப் பிளந்தது. ஞானம்மாள் முன்னால் பாயில் முட்டி போட்டிருந்தாள். முந்தானை நனைகிற அளவுக்குக் கண்ணீர். வாய் மட்டும் நிற்கவில்லை. கிட்டே போனேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"...சங்கரி அக்காவுக்கு முட்டி வலி ஆண்டவரே, அடுப்புக்கிட்ட நின்னு நின்னு வந்தது. பார்த்திபன் அண்ணன் ஆட்டோ ஓட்டறாரு, ஈ.சி.ஆர்ல லாரிக்காரன் கண்ணு தெரியாம வரான், காப்பாத்தும். அவங்க புள்ள கார்த்தி ஆத்தாகிட்ட பேசறதில்ல, அக்கா அதுக்காக வெளில அழுவறதில்ல, உள்ளுக்குள்ள அழுவுது..."

எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. கார்த்தி விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷனிடம்கூட அதைப் பற்றி அழுததில்லை. இவள் எப்போது பார்த்தாள்? பெற்ற மகள் எதிரில் கத்துவது அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்துதான் அழுகிறாள். அழுதுகொண்டே என் முட்டிக்கும் என் பிள்ளைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, உனுக்கு பைத்தியமா?" என்று கத்தினேன். "மவ அங்க வலியில துடிச்சிகினு கீறா. நீ இங்க என் முட்டிக்கு ஜெபம் பண்ணிகினு கீற. எழுந்துரு!"

"இது உங்க நேரம், அக்கா."

"எங்க நேரம் நாசமாப் போவட்டும்! நான்தானே சொல்றேன், எனக்கு வேணாம், எழுந்துரு."

"உங்களோட முடியறதில்லையே. உங்களுக்கு அப்புறம் வேண்டா வூடு. அப்புறம் பொன்னி வூடு. பாலத்துல தண்ணி ஏறுது, நாலு மணிக்கு அடுத்த ஆளு வர முடியாது. நான் எழுந்தா அறுந்துடும்."

"அறுந்தா இன்னாடி? யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "வேண்டா இந்நேரம் டீக்குத் தண்ணி வெச்சிருப்பா, அக்கா. தன் வூட்டுக்கு யாரோ உட்காருவாங்கன்னு. அவகிட்ட நாங்க இன்னான்னு சொல்றது?"

வெளியே என் புருஷன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பிரபாவின் குரல். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அவளை முடியைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு கை எழவில்லை. எங்கள் தெருவே இத்தனை வருஷமாக நிம்மதியாகக் கோலம் போட்டு டீ வைத்ததெல்லாம் இந்த மாதிரி ஒரு முகத்தை நம்பித்தான்.

பாயில் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். முட்டி போட எனக்கு முடியாது.

"உட்கார்ந்துட்டேன். எழுந்துரு" என்றேன்.

"அக்கா..."

"எனக்கு உங்க ஜெபம் தெரியாது. அங்காளம்மாவைக் கும்புடறவ நான். ஆனா உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். அது போதுமா, போதாதா?"

அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வூட்ல பேசற மாதிரி பேசுங்க, அக்கா. போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் மழைதான்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது? முதலில், "அங்காளம்மா, கோவிச்சிக்காத. அவசரத்துக்கு வந்துகிறேன்" என்று சொல்லிக்கொண்டேன். பிறகு முன்னால் இருந்த மரச் சிலுவையைப் பார்த்து, "ஏசு சாமி, பிரபாவுக்கு நல்லபடியா ஆவணும். இந்தத் தடவை அந்தப் பொண்ணு கைல குழந்தையோட வரணும்" என்றேன். அது சுலபமாக வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனாலும் நேரம் எங்கள் வீட்டுக்கு உரியது. எங்கள் வீட்டுக்குத்தான் ஞானம்மாள் ஒன்று விடாமல் கேட்டுவிட்டாளே, நான் மேற்கொண்டு எதைக் கேட்க? அடுத்தது வேண்டா வீடு, பொன்னி வீடு, பாய் வீடு, கடைசியில் ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் வீடு என்று மனதுக்குள் வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தேன். எல்லா வீடும் வந்தது.

சர்ச் வரவில்லை.

திரும்ப ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். ராகு காலத்தில் உபதேசியார் வீடு இருக்கிறது, ஞானம்மாள் வீடு இருக்கிறது, அது வீட்டுக் கணக்கு. இவர்கள் எல்லோரும் சேர்ந்த இந்த சர்ச்சுக்கென்று ஒரு நேரம் இவர்கள் வைத்ததே இல்லை. ஊரையே தூக்கிச் சுமக்கிறார்கள். இவர்களை யார் சுமக்கிறார்கள்? கேட்பதற்கு ஒரு நாதி இல்லையே என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதேன். கார்த்திக்காக அழாதவள் அங்கே அழுதேன்.

"சாமி, இது இன்னா நியாயம்?" என்று சிலுவையைப் பார்த்துச் சண்டைக்கே போய்விட்டேன். "எங்க நேரத்த நான் இவங்களுக்குக் குடுத்துட்டேன். எடுத்துக்கோ. இந்த சர்ச்ச நல்லா வெச்சிரு. இந்த ஜனங்க சொன்னா செய்வாங்கன்னு ஊர்ல ஒரு பேர் கீது. அத நீதான் காப்பாத்தணும். இவங்க காலு வலிக்கும், நீதான் தேய்ச்சி உடணும்." என்னென்னவோ பேசினேன். அந்தத் தகரக் கொட்டகையில் யாரோ உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

நான்கு மணி ஆனதும் கயிற்றை இழுத்து ஒரு தடவை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் வேண்டா குடையும் தூக்குமாக வந்தாள்.

"அய்ய, நீ இன்னாக்கா இங்க?"

"பாலத்துக்கு அந்தாண்ட இருந்து யாரும் வர முடியல. உட்காரு."

"எங்க வூட்டுக்கு யாரு?"

"உன் வூட்டுக்கு நீயே கேட்டுக்கோ. முடிச்சிட்டு இந்த சர்ச்சுக்குக் கேளு. இவங்களுக்குன்னு ஒரு நேரமே கிடையாதுடி, தெரியுமா உனுக்கு?"

வேண்டா யோசித்தாள். விரலை விட்டு எண்ணினாள். "ஆமாக்கா" என்றாள். முகம் சுருங்கிவிட்டது. டீத் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. ஐந்து மணிக்கு வேண்டா மணி அடித்தாள். பொன்னி வந்தாள், அவள் மாமியார் வந்தாள், பாய் வீட்டு அம்மா தலையில் துப்பட்டாவோடு வந்து கடைசியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

இருட்டுகிற நேரத்தில் உபதேசியார் வந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. பாலத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். வாசலில் நின்று எங்களைப் பார்த்தவர் உள்ளே கால் வைக்கவில்லை.

"பிரபாவுக்குப் பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்" என்றார். "செங்கல்பட்டு ஆஸ்பத்திரில இருந்து ஞானம்மா போன் பண்ணாங்க."

"அப்பாடா!" என்று பொன்னி கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

உபதேசியார் இன்னும் வாசலிலேயே நின்றார். "ஞானம்மா 108 வண்டில ஏறும்போதே நான் தூரத்துல இருந்து பார்த்தேன். உள்ளே நம்ம ஆளு யாருமில்ல, அறுந்துடுச்சின்னு நினைச்சேன். அந்தாண்ட நாங்கல்லாம் தலையில கை வெச்சி உட்கார்ந்துட்டோம். நாலு மணிக்கு மணி கேட்டுது. யாரு அடிக்கிறாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. பயத்துல முட்டி போட்டுட்டோம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப யார் வூடு ஓடுது?"

"உங்களோடது" என்றேன். "மூணு மணியில இருந்து உங்களுதுதான்."

"எங்களுக்கு நேரம் கிடையாதேம்மா."

"இல்லன்னு எங்களுக்கும் இப்பதான் தெரிஞ்சிது. வந்து உட்காருங்க. இன்னா வேணும் சொல்லுங்க, நாங்க கேக்கறோம்."

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. எங்கள் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷன். மெதுவாக வந்து கடைசி வரிசையில், பாய் வீட்டு அம்மாவுக்குப் பின்னால், ஈரத் தரையிலேயே முட்டி போட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஜனம் வருஷா வருஷம் கொறைஞ்சிகினே வருது. இன்னும் எத்தன வருஷம் இத ஓட்ட முடியும்னு தெரியல. வெளில சொன்னதில்ல. எனக்குப் பயமா கீது, சங்கரிம்மா."

நான் சிலுவைப் பக்கம் திரும்பினேன்.

"கேட்டுகினியா, சாமி?" என்றேன். "உபதேசியாருக்குப் பயமா கீதாம். நாங்க கீறோம்னு அவருகிட்ட சொல்லு."